புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் முன் பிராசசரின் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்

கணினியில் கேம் விளையாடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “என் பிராசசருக்கு இந்த கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் பாட்டில்நெக் ஆகுமா?” (அதாவது, ஒன்று மெதுவாக இருப்பதால் மற்றதன் வேகமும் தடைபடுமா?) இதற்குப் பதில் சொல்வதற்கென்றே இணையத்தில் சில கால்குலேட்டர்கள் இருக்கின்றன. பிராசசர் பெயரையும் கார்டு பெயரையும் கொடுத்தால் இத்தனை சதவீதம் பாட்டில்நெக் என்று ஒரு எண்ணைக் காட்டும். அந்த எண்ணை நம்பி இருபதாயிரம், முப்பதாயிரம் ரூபாயைச் செலவழிக்காதீர்கள். எந்த கேமில், எந்தக் காட்சியில், எந்த செட்டிங்கில் என்று சொல்லாதவரை அந்தச் சதவீதத்துக்குப் பொருளே கிடையாது.

சரியான பதிலை உங்கள் கணினியிடமே கேட்டு வாங்கலாம். ஒரு காசு செலவில்லை. பிராசசரின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, கேமில் ஃபிரேம் எண்ணிக்கை (நொடிக்குத் திரையில் வரும் படங்கள்) விழுகிறதா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். வேகத்தைக் கூட்டினால் ஓவர்கிளாக், குறைத்தால் அண்டர்கிளாக். ஓவர்கிளாக் செய்யும்போது சூடு ஏறும், கணினி தொங்கிப்போகும் என்ற பயமெல்லாம் உண்டு. அண்டர்கிளாக்கில் அது எதுவும் இல்லை. சூடு குறையும், மின்சாரமும் குறையும். முதல் முறை கை வைக்கிறவர்களும் தைரியமாகச் செய்யலாம்.

இது ஏன் வேலை செய்கிறது என்பது புரிந்துவிட்டால், முடிவுகளை நீங்களே படித்துக்கொள்ளலாம். அதனால் முதலில் அதைப் பார்ப்போம்.

ஒரு ஃபிரேம் உருவாகும் விதம்

திரையில் தெரியும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இரண்டு பேர் உழைக்கிறார்கள். பிராசசர் முதலில் கேமின் கணக்கைப் போடுகிறது. நீங்கள் எந்தக் கீயை அழுத்தினீர்கள், எதிரி எந்தப் பக்கம் நகர வேண்டும், உடைந்த கண்ணாடி எங்கே விழ வேண்டும் என்பதெல்லாம் அதன் வேலை. பிறகு ‘இந்தச் சுவரை வரை, இந்த மரத்தை வரை’ என்று கார்டுக்கு ஆயிரக்கணக்கான கட்டளைகளைத் தயார் செய்து அனுப்புகிறது. அந்தக் கட்டளைகளை வாங்கி, ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறம் கண்டுபிடித்து வரைவது கிராஃபிக்ஸ் கார்டின் வேலை.

இதில் கவனிக்க வேண்டியது, இருவரும் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் சும்மா நிற்பதில்லை. கார்டு ஒரு ஃபிரேமை வரைந்துகொண்டிருக்கும்போதே பிராசசர் அடுத்த ஃபிரேமுக்கான கணக்கைத் தொடங்கிவிடும். பரோட்டாக் கடையில் ஒருவர் மாவை வீசி மடித்துக் கொடுத்துக்கொண்டே இருக்க, இன்னொருவர் கல்லில் போட்டு எடுப்பது போலத்தான். ஒரு மணி நேரத்தில் எத்தனை பரோட்டா வெளியே வரும் என்பதை அந்த இருவரில் மெதுவானவரே தீர்மானிப்பார். கல்லில் இடமில்லாமல் வீசிய பரோட்டா காத்துக்கிடந்தால், வீசுகிறவர் கொஞ்சம் ஓய்வாக வீசினாலும் விற்பனை குறையாது. கல் காலியாகக் கிடந்தால், அவர் கை கொஞ்சம் தளர்ந்தாலும் உடனே தெரிந்துவிடும்.

எண்களில் சொன்னால் இன்னும் தெளிவாகும். ஒரு ஃபிரேமுக்கான தன் வேலையைப் பிராசசர் 8 மில்லி நொடியில் முடிக்கிறது, கார்டு 12.5 மில்லி நொடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டக் கூடாது. பெரியதை மட்டும் எடுங்கள். 1000-ஐ 12.5-ஆல் வகுத்தால் நொடிக்கு 80 ஃபிரேம். இப்போது பிராசசரின் வேகத்தைக் கால்வாசி குறைத்தால் அதன் 8 மில்லி நொடி கிட்டத்தட்ட 10.7 ஆகும். 12.5-ஐ விட அது இன்னும் சின்னதுதான். ஆகவே அதே 80 ஃபிரேம்தான் வரும். பாதியாகக் குறைத்தால் 16 மில்லி நொடி ஆகிவிடும். இப்போது பிராசசர்தான் மெதுவானவர், ஃபிரேம் 62-க்கு இறங்கும்.

இந்த சோதனைக்குள் இருக்கும் தத்துவம் இவ்வளவுதான். எதைக் குறைத்தால் வலிக்கிறதோ, அதுதான் தடை.

டாஸ்க் மேனேஜர் சதவீதம் ஏன் போதாது

‘டாஸ்க் மேனேஜரில் பிராசசர் 35 சதவீதம்தான் காட்டுகிறது, அப்போ பிராசசரில் பிரச்சினை இல்லை’ என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். இது பரவலான தவறான புரிதல். அங்கே தெரிவது எல்லா கோர்களுக்கும் (பிராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) சேர்த்த சராசரி. 6 கோர், 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்) உள்ள பிராசசரில் ஒரே ஒரு த்ரெட் முழு மூச்சாக ஓடி, மற்றவை சும்மா இருந்தால், மொத்தக் கணக்கில் அது 8 சதவீதம்தான் வரும். பெரும்பாலான கேம்களில் ஒரு முதன்மை த்ரெட்தான் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. அது மூச்சுத் திணறினால் மற்ற கோர்கள் எவ்வளவு காலியாக இருந்தும் பயனில்லை.

கார்டு பக்கம் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. கார்டின் பயன்பாடு தொடர்ந்து 97, 98, 99 என்று நின்றால், பெரும்பாலும் கார்டுதான் எல்லையைத் தொட்டிருக்கிறது. ஆனால் அந்த 99-ம் ஒரு விஷயத்தைச் சொல்லாது: பிராசசரிடம் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? ஒரு நூலிழை மிச்சமா, இரண்டு மடங்கு மிச்சமா? இரண்டிலும் கார்டு 99-தான் காட்டும். ஆனால் புது கார்டு வாங்கப் போகிறவருக்கு இந்த இரண்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அண்டர்கிளாக் சோதனையின் மதிப்பே இங்கேதான் இருக்கிறது. தடை எது என்று மட்டும் சொல்லாமல், தடை இல்லாதவரிடம் எவ்வளவு கையிருப்பு என்பதையும் அது அளந்து தருகிறது.

சோதனைக்கு முன் சில ஏற்பாடுகள்

ஃபிரேமைத் திரையின் வேகத்தோடு கட்டிப்போடும் வி-சிங்க்கை நிறுத்துங்கள். கேமிலோ டிரைவரிலோ ஃபிரேம் உச்சவரம்பு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். டைனமிக் ரெசல்யூஷன் இருந்தால் அதையும் அணையுங்கள். கார்டு திணறும்போது அது சத்தமில்லாமல் பிக்சலைக் குறைத்து உங்களை ஏமாற்றிவிடும். ஃபிரேம் ஜெனரேஷன் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். இடையில் செருகப்படும் ஃபிரேம்கள் பிராசசரின் கேம் கணக்கு இல்லாமலே உருவாகின்றன, அவற்றை எண்ணிக்கையில் சேர்த்தால் எதையும் புரிந்துகொள்ள முடியாது. டி.எல்.எஸ்.எஸ்., எஃப்.எஸ்.ஆர். போன்ற அப்ஸ்கேலிங்கை (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கிக் காட்டுவது) வழக்கமாகப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அப்படியே இருக்கட்டும், ஆனால் சோதனை முழுக்க அதே நிலையில் வையுங்கள்.

அளப்பதற்கு எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னரும் அதோடு வரும் ரிவாடியூனரும் போதும். இலவசம்தான். கேமின் மேலேயே தெரியும் ஓவர்லேயில் ஐந்து விஷயங்கள் தெரிய வேண்டும்: ஃபிரேம் எண்ணிக்கை, ஃபிரேம் டைம் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஆகும் நேரம்) வரைபடம், 1 சதவீத லோ (மிக மெதுவான 1 சதவீத ஃபிரேம்களின் வேகம்), கார்டின் பயன்பாடு, பிராசசர் இப்போது ஓடும் கிளாக், அதாவது வேகம். கடைசியாகச் சொன்னதை மறக்காதீர்கள். செட்டிங்கில் நீங்கள் போட்ட எண் ஒன்றாக இருக்கும், பிராசசர் ஓடுவது இன்னொன்றாக இருக்கும். ஓவர்லேயில் தெரிவதைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு முறையும் அதே காட்சி ஓட வேண்டும். அதனால் பெஞ்ச்மார்க் வசதி உள்ள கேமாக எடுப்பது நல்லது. சைபர்பங்க் 2077, ஃபோர்சா ஹொரைசான் 5 இரண்டிலும் இருக்கிறது. 2018-இல் வந்த ஷேடோ ஆஃப் த டூம் ரெய்டர் பழைய கேம்தான், ஆனாலும் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன். அதன் பெஞ்ச்மார்க் முடிந்ததும் வரும் பக்கத்தில், ஓட்டத்தில் எத்தனை சதவீதம் கார்டு தடையாக இருந்தது என்றே எழுதியிருக்கும். பிராசசரின் எண்ணும் கார்டின் எண்ணும் தனித்தனியாகத் தெரியும். நீங்கள் கிளாக்கைக் குறைக்கக் குறைக்க அந்தச் சதவீதம் எப்படிச் சரிகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம்.

முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் ஷேடர் (கார்டுக்கான வரையும் நிரல்கள்) தயாரிப்பு, கோப்புகளை டிஸ்கிலிருந்து எடுப்பது எல்லாம் கலந்திருக்கும். ஒவ்வொரு கிளாக்கிலும் இரண்டு மூன்று தடவை ஓட்டி, நடு எண்ணை எடுங்கள். ஒன்றிரண்டு ஃபிரேம் ஏறி இறங்குவது சாதாரணம், அதற்கு எந்த அர்த்தமும் தேட வேண்டாம்.

வேகத்தைக் குறைக்கும் வழிகள்

எளிய வழி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், உங்கள் பிளானுக்கு அருகே சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ், அப்புறம் சேஞ்ச் அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ். திறக்கும் சின்னப் பெட்டியில் பிராசசர் பவர் மேனேஜ்மென்ட் என்பதை விரித்தால் மேக்சிமம் பிராசசர் ஸ்டேட் என்று ஒன்று 100 சதவீதத்தில் இருக்கும். அதை 99 ஆக்குங்கள். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் 100-லிருந்து 99-க்கு இறங்கியதுமே பெரும்பாலான பிராசசர்களில் டர்போ பூஸ்ட் (தேவைப்படும்போது தானாக வேகத்தைக் கூட்டுவது) நின்றுபோய்விடும், பிராசசர் தன் அடிப்படை வேகத்துக்கு வந்துவிடும்.

அந்த இறக்கம் எவ்வளவு பெரியது என்பது பிராசசரைப் பொறுத்தது. ரைசன் 5 5600-க்கு உச்ச பூஸ்ட் 4.4 கிகாஹெர்ட்ஸ், அடிப்படை வேகம் 3.5. ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, சோதனைக்கு அளவான இறக்கம். இன்டெல் ஐ5-12400எஃப்-க்கு உச்ச பூஸ்ட் அதே 4.4, ஆனால் அடிப்படை வேகம் 2.5 மட்டுமே. அங்கே ஒரு சதவீதம் குறைத்தால் வேகம் பாதிக்குப் பக்கத்தில் போய்விடும். ஃபிரேம் விழுந்ததும் ‘ஐயோ, என் பிராசசர்தான் தடை’ என்று பதறக் கூடாது. அவ்வளவு ஆழமாக இறக்கினால் பல கணினிகளில் விழத்தான் செய்யும்.

அதனால் படிப்படியாக இறக்குவதுதான் நல்ல வழி. சில கணினிகளில் அதே பெட்டியில் மேக்சிமம் பிராசசர் ஃப்ரீக்வென்சி என்று மெகாஹெர்ட்ஸில் எண் போடும் இடமும் தெரியும், பலவற்றில் மறைந்திருக்கும். தெரிந்தால் வேலை சுலபம். இல்லையென்றால் பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டு செட்டிங் பக்கம்) போய் மல்டிபிளையரைக் குறைக்கலாம். மதர்போர்டின் அடிப்படைக் கிளாக் 100 மெகாஹெர்ட்ஸ், அதைப் பெருக்கும் மல்டிபிளையர் 36 என்றால் 3.6 கிகாஹெர்ட்ஸ். வோல்டேஜை மட்டும் தொடாதீர்கள், ஆட்டோவிலேயே இருக்கட்டும். ரைசன் வைத்திருப்பவர்களுக்கு ரைசன் மாஸ்டர் மென்பொருளும் உண்டு.

முடிவுகளைப் படிப்பது

ரைசன் 5 5600-உடன் ஒரு நடுத்தரக் கார்டு, 1080பி, ஹை செட்டிங் என்று வைத்துக்கொள்வோம். கீழே வருபவை விளக்கத்துக்காக நான் போட்ட எண்கள், ஆனால் நிஜ சோதனைகளிலும் வடிவம் இப்படித்தான் இருக்கும்.

4.4 கிகாஹெர்ட்ஸில் 92 ஃபிரேம். 4.0-இலும் 92. 3.6-இல் 91. 3.2-இல் 88. 2.8-இல் 78. 2.4-இல் 67.

முதல் மூன்று எண்களும் அசையவே இல்லை. பிராசசரிடமிருந்து கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கைப் பிடுங்கியும் கேமுக்குத் தெரியவில்லை. இந்தப் பகுதியில் ஃபிரேமைத் தீர்மானிப்பது கார்டு மட்டுமே. 2.8-க்கு வந்ததும் கதை மாறுகிறது. 2.8-லிருந்து 2.4-க்குக் கிளாக் ஏழில் ஒரு பங்கு குறைகிறது, ஃபிரேமும் 78-லிருந்து 67-க்கு அதே ஏழில் ஒரு பங்கு குறைகிறது. இரண்டும் கைகோத்து இறங்கினால் அது முழுக்க முழுக்கப் பிராசசரின் ஆட்சி. நடுவில் 3.2, 3.3 பக்கத்தில் பொறுப்பு கைமாறியிருக்கிறது. சோதனையில் நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியது அந்த இடத்தைத்தான்.

ஏனென்றால் கையிருப்பை அதை வைத்தே கணக்கிடலாம். 3.3 கிகாஹெர்ட்ஸ் இருந்தாலே 92 ஃபிரேமுக்கு வேண்டிய கணக்கைப் பிராசசர் போட்டுக் கொடுத்துவிடும். இருப்பதோ 4.4. ஆகவே மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகம் சும்மா கிடக்கிறது. அதைப் பயன்படுத்தும் வலுவுள்ள கார்டைப் போட்டால், ஃபிரேம் 92-லிருந்து அதிகபட்சம் 120 பக்கம் போகும். அதற்கு மேல் பிராசசர் விடாது. இப்போதைய கார்டைவிட இரண்டு மடங்கு வேகமான கார்டை வாங்கி 184 ஃபிரேமை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். 30, 40 சதவீதம் வேகமான கார்டு வாங்கினால் கொடுத்த காசுக்குக் கிட்டத்தட்ட முழுப் பலன். இந்த ஒரு கணக்கு பல ஆயிரம் ரூபாயை மிச்சம் பிடித்துத் தரும்.

120-ஐ அதிகபட்சம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கிளாக்கை மாற்றும்போது மாறுவது பிராசசர் கோரின் வேகம் மட்டுமே, ரேமின் வேகம் அப்படியே இருக்கிறது. டி.டி.ஆர்.4 ரேமிலிருந்து ஒரு தகவல் வந்து சேர ஏறக்குறைய 70 நானோ நொடி ஆகிறது என்று கொள்வோம். 4.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கோர் அந்த நேரத்தில் 300-க்கும் மேற்பட்ட சுற்றுகளைக் காத்திருந்தே வீணாக்குகிறது. 2.2-இல் ஓடினால் 150 சுற்றுதான் வீண். கோர் வேகமாக ஓட ஓட, ரேமுக்காகக் காத்திருக்கும் பங்கு அதிகமாகிறது. அதனால் குறைந்த கிளாக்கில் பார்த்த விகிதம் கிளாக் ஏறும்போது அப்படியே வராது. என் பழக்கம், கணக்கில் வரும் உயர்வில் கொஞ்சம் கழித்துக்கொள்வது. 120 என்று வந்தால் 110, 115 என்றே மனதில் வைத்துக்கொள்வேன்.

கிளாக் மட்டுமே எல்லாம் இல்லை என்பதற்கு நல்ல சான்று ரைசன் 7 5800எக்ஸ்3டி. 2022 ஏப்ரலில் வந்தது. அதன் உச்ச பூஸ்ட் 4.5 கிகாஹெர்ட்ஸ், அதற்கு முன் வந்த 5800எக்ஸுக்கோ 4.7. ஆனாலும் கேம்களில் 3டி-தான் முந்தியது, காரணம் அதிலுள்ள எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) 32 எம்.பி.க்குப் பதில் 96 எம்.பி. ஆகவே அண்டர்கிளாக் சோதனையில் ஒரு பிராசசரை அதனோடு மட்டும்தான் ஒப்பிட வேண்டும். ‘என் பிராசசரை 3 கிகாஹெர்ட்ஸில் ஓட்டிப் பார்த்தேன், நண்பனின் பழைய பிராசசரும் 3 கிகாஹெர்ட்ஸ்தான், அதனால் இரண்டும் ஒன்று’ என்ற முடிவு தவறு.

சராசரி ஃபிரேமை மட்டும் பார்ப்பதும் போதாது. மேலே உள்ள உதாரணத்தில் 3.2-இல் சராசரி 92-லிருந்து 88-க்குத்தான் இறங்கியது. ஆனால் அதே இடத்தில் 1 சதவீத லோ 74-லிருந்து 61-க்கு விழுந்திருக்கக்கூடும். கூட்டமான தெருவுக்குள் நுழையும் கணத்தில், ஏகப்பட்ட எதிரிகள் ஒரே நேரத்தில் பாயும் கணத்தில், பிராசசருக்கு வேலை திடீரென்று கூடும். சராசரி அதை மூடி மறைத்துவிடும், விளையாடுகிறவரின் கைக்கு மட்டும் அந்தத் திணறல் தெரியும். 1 சதவீத லோ முதலில் விழத் தொடங்கினால், பிராசசர் தன் எல்லையை நெருங்கிவிட்டது என்று அர்த்தம். ஃபிரேம் டைம் வரைபடத்தில் அது முள் முள்ளாகத் தெரியும்.

மறுபக்கத்தையும் உறுதி செய்யுங்கள்

பிராசசரைக் குறைத்து ஒரு முடிவுக்கு வந்தபின், கார்டு பக்கமும் ஒரு தடவை தட்டிப் பார்ப்பது நல்லது. ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்குங்கள். 20.7 லட்சம் பிக்சல் 9.2 லட்சமாகக் குறைகிறது, கார்டின் பிக்சல் வேலை பாதிக்கும் கீழே போய்விடும். பிராசசரின் வேலை ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஃபிரேம் எகிறினால் கார்டுதான் தடையாக இருந்தது. அசையவே இல்லை என்றால் பிராசசர். எகிறி எங்கே போய் நிற்கிறதோ, அந்த எண் பிராசசரின் உச்சவரம்பு. முன்பு கிளாக்கை வைத்துப் போட்ட கணக்கும் இதுவும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் முடிவை நம்பலாம்.

இதே காரணத்தால்தான் ஒரே கணினி 1080பி லோ செட்டிங்கில் பிராசசர் தடையாகவும், 1440பி அல்ட்ராவில் கார்டு தடையாகவும் இருக்கிறது. வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 விளையாடுகிறவர்கள் எல்லாவற்றையும் லோவில் வைத்து 240 ஃபிரேமைத் துரத்துகிறார்கள். ஒரு ஃபிரேமுக்கு 4.2 மில்லி நொடிகூடக் கிடைக்காது. அங்கே பெரும்பாலும் பிராசசர்தான் மூச்சு வாங்கும். அப்ஸ்கேலிங்கும் இந்தப் பக்கமே தள்ளும். 1440பி-யில் டி.எல்.எஸ்.எஸ். குவாலிட்டி போட்டால் கார்டு உள்ளுக்குள் வரைவது 960பி-தான்.

செட்டிங்குகளில் சில பிராசசரைப் பிடிப்பவை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சைபர்பங்கில் உள்ள கிரவுட் டென்சிட்டி அப்படிப்பட்டது. ரே டிரேசிங் கார்டுக்கான சுமை என்றே பலர் நினைக்கிறார்கள். பிராசசருக்கும் அது கணிசமான வேலை வைக்கிறது.

இரண்டையும் குறைத்துப் பார்த்தும் எண் அசையவில்லை என்றால்? அது 60, 120 போல ஒரு முழு எண்ணில் நின்றால், எங்கோ ஒரு உச்சவரம்பு இன்னும் ஒளிந்திருக்கிறது. வி-சிங்க், டிரைவர் செட்டிங், கேமுக்குள்ளேயே உள்ள வரம்பு என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ஃபிரேம் சீராக ஓடி அவ்வப்போது மட்டும் பெரிய வெட்டு விழுகிறது என்றால், கார்டின் வி-ராம் (கார்டுக்கென்று உள்ள நினைவகம்) நிரம்பி வழிகிறதா, கணினி ஒரே ஒரு ரேம் குச்சியோடு சிங்கிள் சானலில் ஓடுகிறதா என்று பாருங்கள். அண்டர்கிளாக் சோதனைக்குப் பிடிபடாத நோய்கள் அவை.

லேப்டாப்பில் தலைகீழாக நடக்கலாம்

லேப்டாப் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையைச் செய்தால் சில சமயம் விசித்திரமான முடிவு வரும். பிராசசரைக் குறைத்ததும் ஃபிரேம் கூடிவிடும். அளவு தப்பாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். லேப்டாப்பில் பிராசசரும் கார்டும் பெரும்பாலும் ஒரே வெப்பக் குழாய்களையும் ஒரே மின்சாரக் கணக்கையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. என்விடியாவின் டைனமிக் பூஸ்ட், ஏ.எம்.டி.யின் ஸ்மார்ட்ஷிஃப்ட் இரண்டுமே ஒருவர் மிச்சம் வைக்கும் வாட்டை மற்றவருக்கு மாற்றிக்கொடுக்கும் ஏற்பாடுகள். டர்போவை நிறுத்தியதும் பிராசசர் விட்டுக்கொடுத்த மின்சாரமும் குளிர்ச்சியும் கார்டுக்குப் போய், அதன் கிளாக் ஏறுகிறது. அப்படி நடந்தால் கார்டுதான் தடை என்பதற்கு அதைவிட உறுதியான சாட்சி வேண்டாம். நம் ஊர் வெயில் காலத்தில், ஏசி இல்லாத அறையில், இந்த வித்தியாசம் இன்னும் தூக்கலாகத் தெரியும். சோதனைக்கு முன் லேப்டாப்பைப் பத்து நிமிடமாவது கேமில் ஓடவிட்டுச் சூடாக்கிக்கொள்ளுங்கள், சார்ஜர் செருகியிருக்கட்டும்.

கார்டு நிறுவனம் மாறினால்

ஒரு எச்சரிக்கை பாக்கி இருக்கிறது. பிராசசரின் வேலையில் கேமின் கணக்கு மட்டுமல்ல, கார்டின் டிரைவர் போடும் கணக்கும் சேர்ந்திருக்கிறது. டிரைவருக்கு டிரைவர் அந்தச் சுமை மாறும். 2024 டிசம்பரில் இன்டெல் ஆர்க் பி580 கார்டை 249 டாலருக்கு வெளியிட்டது. 12 ஜி.பி. வி-ராமோடு அந்த விலைக்கு அருமையான கார்டு என்று விமர்சனங்கள் வந்தன. ஆனால் அந்த விமர்சனங்கள் பலவும் அப்போதைய வேகமான பிராசசர்களில் செய்யப்பட்டவை. 2025 ஜனவரியில் ஹார்ட்வேர் கனக்ஸ், ஹார்ட்வேர் அன்பாக்ஸ்டு போன்ற சேனல்கள் அதையே ரைசன் 5 2600, 5600 போன்ற எளிய பிராசசர்களில் போட்டுப் பார்த்தபோது, சில கேம்களில் ஃபிரேம் கடுமையாக விழுந்தது. ஆர்.டி.எக்ஸ். 4060-க்கு அந்த அளவு விழவில்லை. கார்டின் வலு குறையவில்லை, அதன் டிரைவர் பிராசசரிடமிருந்து அதிகம் கேட்டது. குறைந்த விலைக் கார்டை வாங்குகிறவரிடம் பெரும்பாலும் பழைய பிராசசர்தான் இருக்கும் என்பதால் இது உண்மையிலேயே வருத்தமான விஷயம்.

ஆகவே இன்று உங்கள் கார்டோடு அளந்த பிராசசர் கையிருப்பு, அதே நிறுவனத்தின் அடுத்த கார்டுக்கு ஓரளவு பொருந்தும். நிறுவனம் மாறினால் அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பிராசசரையோ அதற்கு நெருக்கமானதையோ வைத்து அந்தப் புது கார்டைச் சோதித்த விமர்சனம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் முன் மானிட்டரையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். நொடிக்கு 60 ஃபிரேம்தான் காட்டும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் வைத்திருப்பவருக்கு 1 சதவீத லோவே 70-க்கு மேல் இருக்கிறது என்றால், பிராசசர் தடையா, கார்டு தடையா என்ற கேள்வியே தேவையில்லை. காசை மானிட்டரில் போடுவதுதான் புத்திசாலித்தனம்.

சோதனை முடிந்ததும் மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்டை மறக்காமல் 100-க்கு மாற்றுங்கள், பயாஸில் மாற்றியிருந்தால் அதையும் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஒருவேளை நீங்கள் விளையாடும் கேம்களில் 99-க்கும் 100-க்கும் ஃபிரேமிலும் 1 சதவீத லோவிலும் வித்தியாசமே தெரியவில்லை என்றால், 99-லேயே விட்டுவிடுவதிலும் தப்பில்லை. விசிறிச் சத்தம் அடங்கும், லேப்டாப்பில் கை வைக்கும் இடம் சுடாது. வீடியோ ரெண்டர் செய்வது, பெரிய கோப்பைச் சுருக்குவது போன்ற பிராசசர் வேலைகள் வரும்போது மட்டும் 100-க்கு ஏற்றிக்கொள்ளலாம். அதற்கென்று இன்னொரு பவர் பிளான் உருவாக்கி வைத்துக்கொண்டால் மாறி மாறிப் போடுவது சுலபம்.